பன்னிரண்டாம் தேதியோடு நின்ற மழை

ரெத்னோ பலுபியும் நானும் ஜாவாத் தீவின் யோக்யகர்த்தாவில் ஒரு பல்கலைக்கழகத்தின் நீரியல் ஆய்வுக்கூடத்தில் பதினைந்து வருடமாகப் பக்கத்துப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருக்கிறோம். என்னைவிட ஆறு வயது மூத்தவர் என்பதால் எனக்கு அவர் ம்பாக், அதாவது அக்கா. நான் அவருக்கு மாஸ் திம்புல்; ஆண்களை மரியாதையாக அழைக்கும் சொல் மாஸ். பலுபி குள்ளமான உருவம். சிரித்தால் அடுத்த அறையில் கேட்கும். கோபம் வந்தால் மட்டும் குரல் இறங்கிவிடும், காதைக் கிட்டே கொண்டுபோக வேண்டியிருக்கும்.

அவர் எழுதியதுதான் தாலாங். கூரை ஓரத்தில் மழைத்தண்ணீரைப் பிடித்துக் கீழே இறக்கும் தகரக் கால்வாய்க்கு எங்கள் ஊரில் அந்தப் பெயர். இந்தத் தாலாங் மழைமானிக் கோப்புகளைப் படிக்கும் நிரல் தொகுப்பு. எந்த ஊர்க் கோப்பாக இருந்தாலும் சரி, அதனிடம் கொடுத்தால் எந்த நாளில் எத்தனை மில்லிமீட்டர் மழை என்று ஒழுங்கான அட்டவணையாக்கித் தரும். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துத் தங்கள் நிரலில் சேர்த்துக்கொள்ளலாம். ஜாவாவில் தொடங்கி பிலிப்பைன்ஸ், வியட்நாம் வரை நீரியல் மாணவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். காரணம் ஒன்றுதான். தாலாங் எதற்கும் முகம் சுளிக்காது.

அது அப்படி இருந்ததற்கு ஒரு பழைய கதை உண்டு. ஆய்வுக்கூடத்துக்கு வருமுன் பலுபி ஒரு பாசன அலுவலகத்தில் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும் வேலையில் இருந்தார். கிராமங்களில் பள்ளிக்கூட முற்றத்திலும் மசூதித் தோட்டத்திலும் மழைமானி வைத்திருப்பார்கள். தினமும் காலை ஏழு மணிக்கு ஒருவர் போய் அளந்து நோட்டில் எழுதுவார். மழையில்லாத நாளில் எங்கள் ஆட்கள் பூஜ்யம் போட மாட்டார்கள், ‘நிஹில்’ என்று எழுதுவார்கள். ஒன்றுமில்லை என்று அர்த்தம். பன்னிரண்டரையை எழுதும்போது நடுவில் புள்ளி வைக்காமல் காற்புள்ளி வைப்பார்கள், பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அலுவலகத்து மென்பொருளுக்கு நிஹிலும் தெரியாது, காற்புள்ளியும் தெரியாது. ஒரே ஒரு கட்டம் பிடிக்காவிட்டாலும் மாதம் முழுவதையும் தள்ளிவிடும்.

“நான் மாத்தி ஏத்தட்டுமா பாக்?” என்று பலுபி மேலாளரைக் கேட்டிருக்கிறார். பாக் என்றால் ஐயா.

“பதிவேட்டுல இல்லாததை நீ எப்படி எழுதுவ? திருப்பி அனுப்பு, அவங்களே திருத்தி அனுப்பட்டும்.”

திருப்பி அனுப்பியது எதுவும் திரும்பி வரவில்லை. அனுப்பாமல் நின்றவை பின்கட்டு அறையில் குவிந்தன. பத்தொன்பது ஊர்கள், நான்கு வருடம். ஒரு ஜனவரியில் அந்த அறையின் கூரை ஒழுகி எல்லாம் கூழாகிவிட்டது. அதை மண்வெட்டியால் அள்ளி வெளியே கொட்டியவர்களில் பலுபியும் ஒருவர்.

“அத்தனை பேரும் காலையில எந்திரிச்சுப் போய் அளந்திருக்காங்க மாஸ். காய்ச்சலோட போயிருப்பாங்க. பொண்ணு கல்யாணத்தன்னைக்குப் போயிருப்பாங்க. ஒரு வார்த்தை பிடிக்கலைன்னு மெஷின் தூக்கிப் போட்டுடுச்சு” என்று நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் சோத்தோ சூப் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். கரண்டியைக் கீழே வைக்காமல்தான் சொன்னார். ஆனால் குரல் இறங்கியிருந்தது.

அதனால் தாலாங் யாரையும் திருப்பி அனுப்பவில்லை. நிஹில், காற்புள்ளி, வெற்றுக் கட்டம், கோடு, மாதப் பெயர் ஜாவானிய மொழியில், தலைப்பு இரண்டாம் வரியில், எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது. ஒருமுறை எங்கள் மாணவர்கள் வேடிக்கைக்காகத் துறைக்குள் நடந்த பூப்பந்துப் போட்டியின் முடிவுத் தாளை அதற்குக் கொடுத்தார்கள். ‘21-12’ என்று வென்ற ஆட்டத்தை அது டிசம்பர் இருபத்தொன்று என்று எடுத்துக்கொண்டது. மைதான எண்ணை மழை என்று எடுத்துக்கொண்டது. ஓர் அழகான வரைபடம் வந்தது. பலுபி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். “பாத்தியா, நம்ம பிள்ளைக்கு எதைப் போட்டாலும் சாப்பிடும்” என்றார். எல்லோரும் சிரித்தோம். யாருக்கும் அதில் வேறெதுவும் தோன்றவில்லை.

2016இல் தானியங்கி மழைமானிகள் வரத்தொடங்கின. அவற்றில் சில, அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முதலிலும் நாளைப் பின்னாலும் போட்டுத் தேதி எழுதின. மார்ச் இருபத்தைந்து என்பது 3/25 என்று வரும். அதுவரை நாள்தான் முதலில் என்று நம்பியிருந்த தாலாங், இருபத்தைந்தாவது மாதத்தைக் கண்டு நின்றுவிட்டது. பயன்படுத்துபவர்களிடமிருந்து புகார் வந்தது.

“மாஸ், ஒரு வழி பண்ணுங்க. ஒரு மாதிரி படிச்சுப் பாக்கட்டும், வரலைன்னா இன்னொரு மாதிரி படிக்கட்டும்” என்றார் பலுபி.

நான் எழுதினேன். பதினொரு வரிகள். முதலில் மாதம் என்று வைத்துப் படி. அது நடக்காவிட்டால் நாள் முதலில் என்று வைத்துப் படி. எந்த முறையில் படித்தது என்று யாரிடமும் சொல்லாதே. மாதத்தை முன்னால் வைத்ததற்குக் காரணம், அந்த வாரம் எனக்கு வந்த கோப்புகள் எல்லாம் அந்த இயந்திரங்களிலிருந்து வந்தவை. கையால் எழுதிய பழைய பதிவேடுகளில் மாதத்தின் பெயரே இருந்ததால் அவற்றுக்குப் பாதகமில்லை. பலுபி பார்த்தார், சரி என்றார், அன்றைக்கே வெளியிட்டோம்.

மூன்று வருடம் ஒன்றும் நடக்கவில்லை.

2019 ஆகஸ்டில் ஒரு காலை ஆய்வுக்கூடத்துத் தொலைபேசி அடித்தது. நான் எடுத்தேன்.

“தாலாங் ஆபீஸுங்களா?”

“இது பல்கலைக்கழகம் பாக். தாலாங் இங்க உள்ளதுதான். சொல்லுங்க.”

“நான் குனுங்கிடுல் பக்கம் வதுசாரியிலேருந்து முஜியோ பேசுறேன். பள்ளிக்கூடத்து வாட்ச்மேன். மழைமானி பாக்குறதும் நான்தான். பத்தொன்பது வருசமா பாக்குறேன். இங்க ஒரு தொண்டு நிறுவனத்துக்காரங்க விதைப்பு நாட்காட்டின்னு சுவத்துல ஒட்டிட்டுப் போனாங்க. கீழ உங்க பேரு, நம்பரு எல்லாம் இருக்கு.”

“சரிங்க பாக்.”

“அதுல ஜூலை மாசம் எங்க ஊர்ல மழைன்னு போட்டிருக்கு. அது எந்தப் பள்ளிக்கூடத்து மழைன்னு கேக்கலாம்னுதான்.”

தொண்டு நிறுவனம் அவருடைய பதிவேடுகளைத்தான் வாங்கிக் கணினியில் ஏற்றியிருந்தது. அவருடைய மழைதான் அது என்று நான் சொன்னேன்.

“என் மழை எனக்குத் தெரியாதா மாஸ்? ஜூலைல வரிசையா நிஹில் எழுதி எழுதி எனக்குக் கை வலிச்சிருக்கு.” என்றார். “இன்னொண்ணு கேக்கணும், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க மழைக்குத் தேதி பாக்கத் தெரியுமா?”

“புரியல பாக்.”

“நாட்காட்டியில நீலக் கட்டம்னா மழை. வெள்ளைன்னா மழை இல்ல. மே, ஜூன், ஜூலை, ஆகஸ்ட், எல்லா மாசமும் ஒண்ணாம் தேதியிலேருந்து பன்னெண்டாம் தேதி வரைக்கும் அங்கங்க நீலமா இருக்கு. பதிமூணுலேருந்து ஒரே வெள்ளை. அதெப்படி, பன்னெண்டு நாள் பெஞ்சுட்டு லீவு போட்டுப் போயிடுதா?”

எனக்கு உடனே விளங்கிவிட்டது. நாற்காலியைத் திருப்பி பலுபியைப் பார்த்தேன். என் முகத்தைப் பார்த்ததும் அவர் எழுந்து வந்து தொலைபேசியை வாங்கிக்கொண்டார். முஜியோ அதையே அவரிடமும் சொன்னார். பலுபி கேட்டுக் குறித்துக்கொண்டார். கடைசியில், “நாளைக்குள்ள கூப்பிடுறேன் பாக். நீங்க சொல்றது சரியாத்தான் இருக்கும்” என்றார்.

நடந்தது இதுதான். பதிவேட்டைக் கணினியில் ஏற்றியவர்கள் மாதத்தின் பெயரை எண்ணாக மாற்றியிருந்தார்கள்; அந்தக் கோப்பில் நாள் முதலில் இருந்தது. ஜனவரி ஏழாம் தேதி 7/1 என்று எழுதப்பட்டிருந்தது. தாலாங் அதை ஜூலை ஒன்று என்று படித்தது. பிப்ரவரி ஏழை ஜூலை இரண்டு என்றும், மார்ச் ஏழை ஜூலை மூன்று என்றும் படித்தது. 13/1 வந்தபோது பதின்மூன்றாவது மாதம் இல்லையே என்று தயங்கி, நாள் முதலில் என்று மாற்றிச் சரியாகப் படித்தது. இப்படி ஒவ்வொரு மாதத்தின் முதல் பன்னிரண்டு நாளும் வருடம் முழுக்கச் சிதறிப்போயின. மாரிக்காலத்து மழையின் ஒரு பங்கு கோடைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

ஒரு துளியும் காணாமல் போகவில்லை. வருடத்தின் மொத்த மழை கடைசி மில்லிமீட்டர் வரை சரியாக இருந்தது. தொண்டு நிறுவனத்துக்காரர்கள் மொத்தத்தைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று திருப்தியடைந்திருந்தார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

“அந்தப் பதினொரு வரி என்னோடது ம்பாக்” என்றேன்.

“எழுதச் சொன்னது நான். பாத்தது நான். சரின்னது நான்” என்றார் மெதுவாக. “அங்க யாராவது விதைச்சாங்களான்னு கேட்டீங்களா?”

நான் கேட்டிருக்கவில்லை.

அவரே முஜியோவைக் கூப்பிட்டுக் கேட்டார். வதுசாரியில் நாற்பத்துச் சொச்சம் குடும்பங்கள். சுண்ணாம்புப் பாறை நிலம், வானத்தை நம்பிய விவசாயம். ஜூலையில் நிலத்தைச் சும்மா போட்டுவிடுவார்கள். அந்த வருடம் நாட்காட்டியைப் பார்த்துப் பதினொரு குடும்பங்கள் ஜூன் கடைசியில் பச்சைப்பயறு விதைத்தார்கள். முளைத்தது, ஒரு சாண் வந்தது, காய்ந்தது.

அடுத்த சனிக்கிழமை என் மோட்டார் சைக்கிளில் இரண்டு பேரும் போனோம். போக வேண்டாம், ஒரு கடிதம் எழுதலாம் என்று எங்கள் துறைத்தலைவர் சொல்லிப் பார்த்தார். பலுபி, “கடுதாசி படிக்க நல்லா இருக்கும் பாக், அதான் வேண்டாம்” என்று சொல்லிவிட்டார்.

ஊர்க் கூடத்தில் இருபது பேர் போல வந்திருந்தார்கள். தரையில் பாய் விரித்து, சூடான இனிப்புத் தேநீரும் அவித்த மரவள்ளிக் கிழங்கும் வைத்திருந்தார்கள். மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில் விருந்தாளி மாதிரி உட்காரவைத்ததில் கிழங்குத் துண்டை நான் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். முஜியோ ஒல்லியான மனிதர், பள்ளிக்கூடச் சாவிக்கொத்து இடுப்பில் தொங்கியது. அவர் எங்களை அறிமுகம் செய்து முடிப்பதற்குள் முன்வரிசையில் இருந்த ஒரு பெண்மணி கேட்டார்:

“ஜூலையில மழை வரவச்சது நீங்கதானா?”

கூடம் சிரித்தது. இபு துகினெம், அதாவது துகினெம் அம்மா என்று முஜியோ பெயர் சொன்னார். ஐம்பது வயதிருக்கும். விதைத்த பதினொரு குடும்பத்தில் அவரும் உண்டு. மற்றவர்கள் ஓரமாகக் கொஞ்சம் விதைத்துப் பார்த்திருந்தார்கள். இவர் ஒருவர்தான் இருந்த விதை முழுவதையும் போட்டிருந்தார்.

பலுபி எழுந்து நின்றார். “ஆமா இபு, நான்தான். நாட்காட்டி போட்டவங்க மேல தப்பு இல்ல. முஜியோ பாக் எழுதினதுலயும் தப்பு இல்ல. என் நிரல் தேதியைத் தப்பாப் படிச்சிடுச்சு.”

“நிரல்னா யாரு, உங்ககிட்ட வேலை பாக்குற ஆளா?”

“ஆளு இல்ல இபு. கம்ப்யூட்டர் படிக்கிறதுக்காக நான் எழுதிவச்சது.”

“அப்ப நீங்க தப்பாப் படிச்சீங்கன்னு சொல்லுங்க. அது என்ன நடுவுல ஒருத்தன்?”

“நான்தான் தப்பாப் படிச்சேன்” என்றார் பலுபி.

பின்னாலிருந்து ஓர் ஆள், “நாங்க பேப்பரைப் பாத்தோம், அப்புறம் வானத்தைப் பாத்தோம். வானம் ஒத்துக்கல. விட்டுட்டோம். துகினெம்தான் பேப்பர் பக்கம் போயிடுச்சு” என்றார்.

“வருசா வருசம் வானத்தை நம்பி ஏமாந்தது போதும்னுதான்டா இந்தத் தடவை பேப்பரை நம்பினேன்” என்று துகினெம் திரும்பாமலே பதில் சொன்னார். பிறகு பலுபியிடம், “ஒண்ணு மட்டும் சொல்லுங்க. ஏழு, ஒண்ணுன்னு போட்டிருந்தா அது ஜனவரியா ஜூலையான்னு உங்களுக்கே குழப்பம்தானே?”

“குழப்பம்தான்.”

“தெரியலைன்னா தெரியலைன்னு சொல்றதுக்கு அதுக்கு வாய் இல்லையா?”

“இருந்துச்சு இபு. வாயைத் திறக்காதன்னு சொல்லிவச்சது நான்தான். கேள்வி கேட்டா ஜனங்களுக்குப் பிடிக்காதுன்னு நினைச்சேன்.”

துகினெம் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். “உக்காருங்க. கிழங்கு ஆறுது” என்றார்.

கிளம்பும்போது பலுபி அவரிடம் தனியாக, தான் என்ன செய்யலாம் என்று கேட்டார். துகினெம் கூச்சப்படவில்லை. “விதைப் பயறு வாங்கிட்டு வாங்க. டவுன் கடையில மினுமினுன்னு பெருசா விக்கிறான் பாருங்க, அது வேண்டாம், இங்க வராது. சின்னதா, மங்கலா, தூசி படிஞ்ச மாதிரி இருக்கும். அதான் வேணும்” என்றார். அந்தப் பயறுக்காக நாங்கள் மூன்று சந்தை அலைந்தோம். மார்ச் விதைப்புக்கு முன்னால் பலுபியே கொண்டுபோய்ப் பதினொரு வீட்டிலும் கொடுத்தார். துகினெம் ஒரு கை அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு, “பரவால்ல” என்றாராம்.

ஆனால் அதற்கு முன்னால் ஆய்வுக்கூடத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

வதுசாரியிலிருந்து திரும்பிய திங்கட்கிழமையே பலுபி தாலாங்கைப் பிரித்துப் போட்டார். இரண்டு வாரம் யாரோடும் சரியாகப் பேசவில்லை. புதிய தாலாங் கறாராக இருந்தது. தேதி இப்படித்தான் இருக்க வேண்டும், எண் இப்படித்தான் இருக்க வேண்டும், ஒரு கட்டம் பிசகினாலும் கோப்பையே தொட மாட்டேன் என்றது. அவர் செய்ததைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இனி யாரும் நம்மை நம்பி ஏமாற மாட்டார்கள் என்று நினைத்தேன்.

“முஜியோ பாக் பதிவேட்டைக் குடுத்துப் பாருங்க” என்றார்.

கொடுத்தேன். தேதி வரைக்கும்கூடப் போகவில்லை. முதல் வரியிலேயே நின்றுவிட்டது. அங்கே ‘நிஹில்’ என்று இருந்தது.

பலுபி பக்கத்தில் வந்து திரையைப் பார்த்தார். “பத்தொன்பது வருசம்” என்றார். அப்புறம், “நான் அந்த மேலாளர் ஆயிட்டேன் மாஸ்.”

அன்றைக்கு அதற்குமேல் வேலை நடக்கவில்லை. மறுநாள் வெள்ளைப் பலகையை அழித்துவிட்டு நடுவில் ஒரு கோடு போட்டார். பழைய கோப்புகளிலிருந்து தாலாங் இதுவரை விழுங்கிய விசித்திரங்களை ஒவ்வொன்றாக நான் வாசிக்க வேண்டும். அதற்கு ஒரே அர்த்தம்தான் இருக்க முடியும் என்றால் இடது பக்கம். இரண்டு அர்த்தம் வரும் என்றால் வலது பக்கம்.

நிஹில், இடது. 12,5 இடது. 1,250 என்று வந்தால் ஒன்றேகாலா, ஆயிரத்து இருநூற்று ஐம்பதா? வலது. மாதப் பெயர் எந்த மொழியில் இருந்தாலும் இடது. கட்டத்தில் வெறும் கோடு வந்தபோது நான் யோசிக்காமல், “மழை இல்ல, இடது” என்றேன்.

“மழைமானி உடைஞ்சுபோய் அளக்காம விட்டாலும் கோடுதான் போடுவாங்க” என்றார் பலுபி. பத்து வருடமாகத் தாலாங் கோட்டைப் பூஜ்யமாகவே படித்துக்கொண்டிருந்தது. அது வலது பக்கம் போயிற்று.

தேதியில்தான் சண்டை. கோப்பு முழுவதையும் முதலில் பார்த்துவிட்டு, எங்காவது பன்னிரண்டுக்கு மேல் ஓர் எண் தென்பட்டால் அதை வைத்து எது நாள், எது மாதம் என்று ஊகிக்கலாம் என்பது என் கட்சி. பலுபி ஒப்புக்கொள்ளவில்லை.

“பாதி வருசம் ஆளு எழுதி, மீதி வருசம் மெஷின் எழுதின கோப்பு நம்மகிட்டயே எத்தனை இருக்கு? ஒரே கோப்புல ரெண்டு மாதிரியும் இருக்கும்.”

“நூத்துல ரெண்டு இருக்கும் ம்பாக்.”

“வதுசாரியும் நூத்துல ஒண்ணுதான்.”

இப்படி ஆறு வாரம் போயிற்று. முடிவில் புதிய தாலாங், ஒரே அர்த்தம் உள்ளதைப் பேசாமல் எடுத்துக்கொண்டது. இரண்டு அர்த்தம் உள்ளதைக் கண்டால் நின்று, ‘நாற்பத்தொன்றாம் வரி, 05/03. மார்ச் ஐந்தா, மே மூன்றா? எனக்குத் தெரியவில்லை, நீங்கள் சொல்லுங்கள்’ என்று கேட்டது. சொன்னால்தான் மேலே போகும். வெளியீட்டுக் குறிப்பில் வதுசாரியில் நடந்ததை ஒளிக்காமல் எழுதினார். என் பெயரையும் போடச் சொன்னேன். ‘நாங்கள்’ என்று போட்டார், அதோடு விட்டுவிட்டார்.

வெளியிட்ட நேரம்தான் வாய்க்கவில்லை. நவம்பர், ஆய்வேடு சமர்ப்பிக்கும் காலம். நேற்று வரை ஓடிய நிரல்கள் எல்லாம் நின்று கேள்வி கேட்டன. எங்கள் அறை வாசலில் மாணவர்கள் வரிசையாக நின்றார்கள். ஒரு பெண் பொரித்த வாழைப்பழம் ஒரு பை நிறையக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள்.

“ம்பாக், பழைய தாலாங்கையே குடுத்துடுங்களேன். திங்கக்கிழமை எனக்கு வாய்மொழித் தேர்வு. இது என்னென்னமோ கேக்குது.”

“என்ன கேக்குது?”

“கோடுன்னா மழை இல்லையா, அளக்கலையான்னு கேக்குது. எனக்கு எப்படித் தெரியும்?”

“உனக்கே தெரியாதப்ப ஆய்வேட்டுல என்னன்னு எழுதியிருக்க?”

பலுபி பழத்தை எடுத்துக் கடித்துக்கொண்டே, “ஊர்க்காரங்களுக்குப் போன் பண்ணு, நம்பர் என்கிட்ட இருக்கு” என்றார். அவள் கூப்பிட்டாள். அந்த மழைமானியில் ஒரு மழைக்காலம் முழுக்கத் தவளை குடியிருந்ததாம். யாரும் அளக்கவே இல்லை.

எல்லோரும் அப்படிப் பொறுமையாக இருக்கவில்லை. பிலிப்பைன்ஸில் லகுனாவிலிருந்து ஜோமார் எபார்லே என்ற விரிவுரையாளர், தாலாங்குக்குப் பல வருடம் உதவி செய்தவர், பலுபியை அவர்கள் மொழியில் ‘ஆத்தே’, அதாவது அக்கா என்று அழைத்து எழுதினார்: “ஆத்தே, கோச்சுக்காதீங்க. உங்களுக்கு நடந்தது புரியுது. ஆனா என் பிள்ளைங்க தேவாலயத்து நோட்டுலேருந்து மழை எடுக்குறாங்க. எழுதினவரு செத்தே இருபது வருசம் ஆச்சு. யாருக்குப் போன் பண்ண? நீங்க கதவைச் சாத்திட்டீங்க, நான் ஜன்னலைத் திறந்துவைக்கிறேன்.” பழைய தாலாங்கை அப்படியே எடுத்து அலுலோத் என்று பெயரிட்டு அவர் தனியாக வெளியிட்டார். அவர்கள் மொழியில் அதற்கும் கூரைக் கால்வாய் என்றுதான் அர்த்தம். ஆறு மாதத்தில் தாலாங்கைப் பயன்படுத்தியவர்களில் பாதிக்குமேல் அங்கே போய்விட்டார்கள்.

பலுபிக்கு அது வலித்தது. வெளியே சொல்லவில்லை. ஒருநாள் மட்டும், “ஜோமார் சொல்றதுலயும் நியாயம் இருக்கு மாஸ். செத்தவங்களைக் கேக்க முடியாதுதான்” என்றார்.

அந்தத் தேதிக் கோளாறு வேறு எங்கெல்லாம் போயிருக்கும் என்று அவரே தேடினார். ஏழு ஆய்வேடுகள் அகப்பட்டன. ஏழு பேருக்கும் கடிதம் எழுதினார். இரண்டு பேர் திட்டி எழுதினார்கள். இதற்குள் விரிவுரையாளராகிவிட்ட ஒருவர், தன் முடிவுகள் எப்படியும் மாறப்போவதில்லை என்று ஒரே வரியில் முடித்தார். ஒரு பெண் மட்டும் எல்லாவற்றையும் மறுபடி கணக்கிட்டு, தன் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டாள். மற்றவர்கள் பதிலே போடவில்லை. தொண்டு நிறுவனம் இருபத்திரண்டு ஊர்ச் சுவர்களிலிருந்தும் நாட்காட்டியைக் கிழித்துவிட்டுத் திருத்தியதை ஒட்டியது.

இரண்டு வருடம் கழித்து ஜோமார் அலுலோத்தில் ஒரு மஞ்சள் எழுத்து எச்சரிக்கையைச் சேர்த்தார். தேதி இரண்டு விதமாகப் படிக்கும்படி இருந்தால் அது வரும், ஆனால் நிறுத்தாது. ஏன் சேர்த்தார் என்று அவர் சொல்லவில்லை. பலுபி அந்த மாற்றத்தைப் பார்த்துவிட்டு ஒரு கட்டைவிரல் படத்தை மட்டும் அனுப்பினார். இருவரும் இப்போது மறுபடி பேசிக்கொள்கிறார்கள், பெரும்பாலும் குழந்தைகளைப் பற்றி.

போன வாரம் மெனோரே மலைப்பக்கத்து ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து புதிய பதிவேடு வந்தது. தாலாங் ஒரு வரியில் நின்றது: அக்டோபர் 32. நான் தட்டச்சுப் பிழை என்றேன். பலுபி தோட்டத்துக்குப் போன் போட்டு, மழை அளக்கும் பாக் வகிமினைப் பிடித்தார். எனக்கும் கேட்க வேண்டும் என்று ஒலிபெருக்கியில் போட்டார்.

“அக்டோபர் முப்பத்திரண்டாம் தேதின்னு எழுதியிருக்கீங்களே பாக்?”

“ஆமா, எழுதினேன்.”

“அப்படி ஒரு தேதி இல்லையே.”

“தேதி இல்ல. மழை இருந்துச்சே? முப்பத்தொண்ணாம் தேதி சாயங்காலம் பெஞ்சது. காலையில அளந்தா அன்னைக்கு நவம்பர் ஒண்ணு. அக்டோபர் மழையைக் கொண்டுபோய் நவம்பர்ல எப்படி எழுதுறது? முப்பத்தொண்ணாம் கட்டத்துல ஏற்கனவே அன்னைக்குக் காலையில அளந்தது இருக்கு. வேற இடம் ஏது?”

பலுபி என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.

“நவம்பர்லயும் முப்பத்தொண்ணு இருக்கும், பாத்துக்கோங்க” என்றார் வகிமின். “பிப்ரவரியில ஒரு இருபத்தொன்பது இருக்கும். அது நிஜ இருபத்தொன்பதா, நம்ம இருபத்தொன்பதான்னு வருசத்தைப் பாத்துத்தான் சொல்லணும்.”

பதினோரு வருடப் பதிவேட்டில் இப்படி முப்பத்தெட்டு நாட்கள் இருந்தன. அவற்றை எந்தத் தேதியில் வைப்பது என்று நாங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை. வியாழக்கிழமை இரண்டு பேரும் தோட்டத்துக்குப் போகிறோம், வகிமினையே பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்க.